எஞ்சின் மாற்றிய கார் ஏன் கொதிக்கிறது?

“பழைய எஞ்சினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்றினேன். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் எல்லாமே புதிது. ஆனாலும் இருபது நிமிடம் ஓட்டினால் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. எங்கே தேடுவது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

எல்லாம் புதிதாக இருக்கிறதே என்பதுதான் அவருடைய குழப்பம். எஞ்சின் மாற்றிய வண்டியில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியே நன்றாக இருக்கும். அவை ஒன்றோடொன்று சேரும் இடத்தில் சிக்கல் வரும். அதனால் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போவது பணத்துக்குத்தான் கேடு.

அடிப்படை நமக்குத் தெரிந்ததுதான். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறது, இன்னொரு பங்கு புகையோடு போகிறது, மீதியைப் பெரும்பாலும் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டர் வழியாகக் காற்றுக்குக் கொடுக்கிறது. ஆகவே, முதலில் எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள். வண்டி நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றோட்டம் போதவில்லை. ஃபேனின் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருந்தால் அது தலைகீழாகச் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். முன்பக்கம் ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். வேகமாக ஓடும்போது ஏறினால், நீரோட்டத்தைச் சந்தேகப்படலாம். பெல்ட் போகும் பாதை மாறியதால் பம்ப் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். அப்படிச் சுற்றினாலும் கொஞ்சம் நீர் ஓடத்தான் செய்யும். அதனாலேயே இந்தத் தவறு எளிதில் பிடிபடாது.

இவை சரியாக இருந்தால் நான் அடுத்து கைவைப்பது தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில். கூலன்ட் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைத்திருக்கும் இந்தச் சின்னப் பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பித்தளைக் குப்பி, ஒரு சுருள்வில், ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. குப்பிக்குள் இருப்பது மெழுகு. பனிக்கட்டி உருகினால் சுருங்கும். மெழுகு உருகினால் பெருகும். பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பதும், மெழுகுத் துண்டு உருகிய மெழுகில் மூழ்குவதும் இதனால்தான். உருகும்போது மெழுகின் கன அளவு 10 முதல் 15 சதவீதம் வரை கூடும். அந்தப் பெருக்கத்துக்குப் போக இடம் வேண்டுமே? குப்பியின் நடுவில் ரப்பர் உறை போட்ட ஓர் ஒல்லியான ஊசி இருக்கிறது. மெழுகு நாலாபக்கமும் ரப்பரை நெருக்க, ஈரச் சோப்பு பிடியிலிருந்து நழுவுவதுபோல் ஊசி வெளியே தள்ளப்படுகிறது. பாதரச வெப்பமானியின் குமிழில் நடக்கும் சிறிய பெருக்கம் மெல்லிய குழாயில் நீண்ட ஏற்றமாகத் தெரிகிறதல்லவா, அதே கணக்கு. ஆனால் ஊசியின் மறுமுனை சட்டத்தில் ஊன்றியிருப்பதால் ஊசி நகர முடியாது. குப்பிதான் பின்னால் நகர்கிறது. கூடவே தகடும் விலகி, ரேடியேட்டருக்கு வழி திறக்கிறது. ஆறியதும் சுருள்வில் அதை மூடிவிடும்.

மெழுகு வெப்பத்தை நன்றாகக் கடத்தாது என்பதால் அதில் செம்புத் தூளைக் கலக்கிறார்கள். எந்த நீளமுள்ள ஹைட்ரோகார்பன் சங்கிலிகளைச் சேர்க்கிறோம் என்பதை வைத்து 82 டிகிரியில் திறப்பதா, 88-இல் திறப்பதா என்று முடிவு செய்யலாம். செர்ஜியஸ் வெர்னெட் 1930-களில் இதை உருவாக்குவதற்கு முன்னால், ஆவியாகும் திரவம் நிரப்பிய துருத்திகள் இந்த வேலையைச் செய்தன. கூலன்டின் அழுத்தம் கூடினால் அவை தடுமாறும், மெழுகு அசராது. கார்ல் ரைஹன்பாக் 1830-இல் பாரஃபினைப் பிரித்தெடுத்தபோது கார் என்ற ஒன்றே கிடையாது. இதனால் உடனடிப் பயன் என்ன என்று கேட்டுக் கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது தவறு என்று நான் நினைப்பதற்கு இந்தக் குப்பியும் ஒரு காரணம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தகட்டின் இடுக்கில் ஒரு நூலைச் சிக்கவைத்து, தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். நான் செய்தபோது வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. 83 டிகிரியைத் தொட்டதும் நூல் நழுவி, ‘டங்’ என்று அடியில் விழுந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

சரி, வாசகரின் காருக்கு வருவோம். மெழுகுக்குத் தன்னைத் தொடுவது மட்டுமே தெரியும். எஞ்சின் மாற்றும்போது கூலன்ட் முழுவதும் வடிந்துவிடுகிறது. திரும்ப ஊற்றும்போது, ரேடியேட்டர் மூடியைவிட எஞ்சின் தலை உயரமாக இருந்தால், காற்று மேலே போய்ச் சிக்கிக்கொள்ளும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இருப்பதும் அந்த உச்சியில்தான். நீரோடு ஒப்பிட்டால் காற்று இருபதில் ஒரு பங்குகூட வெப்பத்தைக் கடத்தாது. கீழே உலோகம் தகிக்க, மேலே மெழுகு இன்னும் உருகாமல் கிடக்கும். வழி திறக்காது. வெப்ப சென்சாரும் அதே காற்றில் இருந்தால் முள்ளும் வெகுநேரம் தாழ்ந்தே நின்று, பிறகு சட்டென்று எகிறும்.

முள் சிவப்பில் இருக்கும்போது, சூடான கூலன்டால் இயங்கும் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வருவது, டேஷ்போர்டுக்குப் பின்னால் ‘களக் களக்’ சத்தம், மேல் ஹோஸ் சுட்டும் கீழ் ஹோஸ் சில்லென்று இருப்பது, இவையெல்லாம் காற்று சிக்கியதன் அடையாளங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் பார்த்திருக்கிறதா என்று கவனியுங்கள். தகட்டில் ஆடும் சிறு ஆணியோடு ஒரு துளை இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று தப்பிப்பதற்கென்றே வைத்த வழி அது.

சிலர் ஒரேயடியாகத் தெர்மோஸ்டாட்டையே எடுத்து வீசச் சொல்வார்கள். இன்னும் சிலர், நீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது என்பார்கள். இரண்டையும் நம்பாதீர்கள். வேகமாக ஓடும் நீர் ஒவ்வொரு சுற்றிலும் குறைவான நேரம் தங்கினாலும் அடிக்கடி திரும்பி வருகிறது. மொத்தத்தில் வெளியேறும் வெப்பம் கூடத்தான் செய்யும். தெர்மோஸ்டாட்டை எடுத்தால், பல எஞ்சின்களில் அது திறக்கும்போது மூட வேண்டிய குறுக்குவழி திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

காற்றை வெளியேற்ற, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஊற்றும் வாய் எல்லாவற்றையும்விட மேலே இருக்கும்படி செய்யுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. அழுத்தம் விடுபட்ட நொடியில் கூலன்ட் கொதித்து முகத்தில் பீறிடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிடுங்கள். மெழுகு உருகி வழி திறந்ததும் குமிழ்கள் வந்து மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது மறுபடி நிரப்புங்கள். அடுத்த நாள் காலையில் இன்னொரு தடவை பாருங்கள்.

எத்தனை தடவை செய்தாலும் குமிழ்கள் நிற்கவில்லையென்றால், எஞ்சின் தலைக்கும் (ஹெட்) அதன் உடலுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதோ என்று சோதிக்க வேண்டும். இந்தச் சோதனைக்காக ரேடியேட்டர் வாயில் வைக்கும் குழாயில் நீலத் திரவம் இருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, வரும் ஆவியை அதன் வழியே இழுத்தால், கார்பன் டை ஆக்சைடு பட்டதும் மஞ்சளாகும். மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். நீலமாகவே இருந்தால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, வண்டியின் மூக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள்.