குறி மாறிப் போன விண்மீன் கொத்து

தைப்பூசம் முடிந்து நிலா தேய்ந்ததும், பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் கொஞ்சம் இருட்டான இடமாகப் பாருங்கள். இரவு பதினொரு மணி வாக்கில், மங்கலான வான்பொருட்களின் 19ஆம் நூற்றாண்டுப் பட்டியலான என்ஜிசி, தன் 2478ஆம் எண் விண்மீன் கொத்து இருப்பதாகச் சொல்லும் இடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பினால், அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தெரியாது. ஜார்ஜ் டவுன் வெளிச்சத்தின் மேல் பழி போட வேண்டாம். சஹாராவுக்கே போனாலும் இதே கதைதான்.

இந்தப் பட்டியலை 1888இல் வெளியிட்டவர் டென்மார்க்கில் பிறந்து, அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் டிரையர். மொத்தம் 7,840 எண்கள். அத்தனையையும் ஒரு மனிதர் தாமே பார்த்துச் சரிபார்க்க முடியாது. பலருடைய குறிப்புகளைத் திரட்டினார். அவற்றோடு பலருடைய பிழைகளும் உள்ளே வந்தன.

பிழை எப்படி நுழையும் என்று புரிய, அன்றைக்கு இடம் குறித்த முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மங்கலான பொருளுக்கு அருகே, இடம் நன்றாகத் தெரிந்த நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தொலைநோக்கியை அசையாமல் நிறுத்திவிடுவார்கள். பூமி சுழல்வதால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்வையின் நடுவில் இருக்கும் கம்பியைக் கடக்கும். இடையில் கடிகாரத்தில் ஓடிய நேரம்தான் கிழக்கு-மேற்குத் தூரம். வான நடுக்கோட்டின் அருகே ஒரு நிமிடம் என்றால் கால் டிகிரி, அதாவது முழுநிலாவின் பாதி அகலம். வடக்கு-தெற்கு வித்தியாசத்தைத் தனியாக அளப்பார்கள். அப்புறம் இவற்றை நட்சத்திரத்தின் இடத்தோடு கூட்டவோ கழிக்கவோ வேண்டும். வினையே அங்கேதான்.

1771இல் பிரெஞ்சு வானியலாளர் சார்ல்ஸ் மெஸ்ஸியர் ஒரு விண்மீன் கொத்தைத் தம் பட்டியலில் 47ஆம் எண்ணாகக் குறித்தார். அளக்க எடுத்துக்கொண்டது பப்பிஸ் மண்டலத்தின் 2ஆம் எண் நட்சத்திரம். கொத்து அதற்கு மேற்கே ஏறக்குறைய 9 நிமிடம், வடக்கே சற்றுத் தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டபோது கூட்டல், கழித்தல் குறிகள் இரண்டிலும் மாறிவிட்டன. கொத்து கிழக்கேயும் தெற்கேயும் போய்விட்டது. கோயிலுக்கு இடப்பக்கம் ஐந்தாவது வீடு என்பதற்கு வலப்பக்கம் என்று எழுதினால் என்ன ஆகும், அதுதான். ஏறக்குறைய நாலரை டிகிரி பிசகு!

அதே கொத்தை வில்லியம் ஹெர்ஷல் 1785இல் தாமாகவே கண்டு சரியான இடத்தில் குறித்தார். டிரையரின் பட்டியலில் இரண்டும் ஏறின: ஹெர்ஷலுடையது 2422, மெஸ்ஸியருடையது 2478. காணாமல் போன 47 எது என்று 1934இல் ஆஸ்வால்ட் தாமஸ் அடையாளம் காட்டினார். குறி மாறியதே காரணம் என்று 1959இல் கனடாவின் டி. எஃப். மாரிஸ் விளக்கினார். குறிகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தே பிடித்தார் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கொத்தைப் பார்க்க பைனாகுலர் போதும். இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸுக்குக் கிழக்கே, கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரம்.

எல்லாமே இப்படிக் கணக்குப் பிழைகள் அல்ல. சில எண்கள் வெறும் ஒற்றை நட்சத்திரங்கள். என்ஜிசி 6, என்ஜிசி 20 இரண்டும் ஒரே கேலக்ஸி (விண்மீன் பேரடை). பிற்சேர்க்கைப் பட்டியல்களில் புகைப்படத் தகட்டின் குறைகள்கூட நெபுலாவாக (வான்முகிலாக) இடம்பிடித்தன.

திருத்த வந்தவர்களும் சறுக்கினார்கள். 1973இல் வந்த திருத்திய பதிப்பு, அமெரிக்காவின் பலோமார் வானாய்வகம் எடுத்த வான்படங்களை வைத்து நிறைய விண்மீன் கொத்துகளுக்கு 'இல்லை' என்று முத்திரை குத்திவிட்டது. அந்தப் படங்களில் பின்னணியின் மங்கலான விண்மீன்கள் எக்கச்சக்கமாகப் பதிந்திருந்ததால், தளர்வாகச் சிதறிய கொத்து அந்த நெரிசலில் எடுப்பாகத் தெரியவில்லை. சின்னத் தொலைநோக்கியிலோ பிரகாசமானவை மட்டும் தெரியும். கொத்து பளிச்சென்று நிற்கும். 1993இல் பிரென்ட் ஆர்க்கினால் இந்த 'இல்லாத' கொத்துகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவற்றில் பலவும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.