காலண்டர் தாளில் எழுதிய கிலோமீட்டர்

குடும்ப நல வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் என் மேசையில் ஒரு மஞ்சள் பையைக் கவிழ்த்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், நூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனாவால் ஒரு எண். கணவரின் பைக் மீட்டரில் அன்று இருந்த கிலோமீட்டர். (ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வேலையாகச் சென்னைக்குக் கிளம்புவாராம். வண்டியை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ரயில் ஏறுவதாகச் சொல்வார். வீட்டிலிருந்து ஸ்டேஷன் 4 கிலோமீட்டர். ஞாயிறு ராத்திரி திரும்பும்போது மீட்டரில் 110 ஏறியிருக்கும். ஒவ்வொரு வாரமும் அதே கணக்கு.

கேட்டபோதெல்லாம் "உனக்குச் சந்தேகப் புத்தி", "டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்றே பதில். அம்மா வீட்டிலும் அவரைத்தான் அடக்கினார்கள். "எதுக்கும்மா இதை எழுதினீங்க?" என்றேன். "எனக்குப் பைத்தியம் பிடிக்கலைன்னு எனக்கே தெரியணும் மேடம்" என்றார். இந்த மாதிரி ஏமாற்றில் பணமும் நகையும் போவதற்கு முன்னாலேயே, தன் கண்ணையும் கணக்கையும் நம்பும் தைரியம் போய்விடுகிறது. அந்தத் தாள்கள்தான் அவரைக் காப்பாற்றின.

அப்புறம் பைக் பெட்டியில் ஒரு ஸ்கூல் ஃபீஸ் ரசீது கிடைத்தது. அப்பா பெயர் கணவருடையது, இன்ஷியல் மட்டும் வேறு. 50 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வீடு, முதல் மனைவி, ஒரு பையன். "அப்பா அம்மா இல்லை, சித்தப்பாதான் எல்லாம்" என்று பெண் பார்க்க வந்த சித்தப்பா, சொந்தக்காரரே இல்லை.

சட்டம் அந்தப் பெண்ணுக்குத் துணையாகவே இருந்தது. முதல் மனைவி உயிரோடு இருந்து, அந்தத் திருமணம் ரத்தாகாத நிலையில் நடந்த இரண்டாவது கல்யாணம், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி செல்லாது. இதற்கு மனு போட ஒரு வருடக் கெடு என்ற பேச்சே இல்லை. முந்தைய திருமணத்தை மறைத்துக் கட்டியவருக்கு இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவில் 10 ஆண்டு வரை சிறை உண்டு. அடையாளத்தை மறைத்துக் கல்யாணம் செய்து உறவு கொள்வதை அதன் 69-வது பிரிவு தனிக் குற்றமாகவே சொல்கிறது. "கல்யாணமே செல்லாதுன்னா ஜீவனாம்சம் கிடைக்காதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றியவர், தன் ஏமாற்றையே சாக்காகக் காட்டி ஜீவனாம்சத்திலிருந்து தப்ப முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிள்ளைகளும் சட்டப்படியான வாரிசுகளே. இந்து திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவு அதைப் பார்த்துக்கொள்கிறது.

என்னால் மறக்க முடியாதவர் இன்னொரு பெண். மாப்பிள்ளையின் படிப்பு, வேலை இரண்டுமே பொய். வேறு மனைவி இல்லை. கல்யாணமாகி மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. "நாத்தனார் கல்யாணம் முடியட்டும், வெளியே சொல்லாதே" என்று மாமியார் காலில் விழாத குறையாகக் கெஞ்ச, இரண்டு வருடம் சேர்ந்தே வாழ்ந்தார். இந்த மாதிரி மோசடிக்குத் திருமணத்தை ரத்து செய்ய அதே திருமணச் சட்டத்தின் 12-வது பிரிவில்தான் வழி. உண்மை தெரிந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகு மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்கவும் கூடாது. இரண்டுமே அவருக்கு அடைபட்டுவிட்டன. கொடுமை என்று விவாகரத்து வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைந்தார். ஒரு வருடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பெண்ணைப் பெற்றவர்கள் ஜாதகத்துக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இதற்கும் காட்டுங்கள். வாக்காளர் பட்டியலைத் தேர்தல் துறை தளத்தில் எடுத்து, அவர் சொல்லும் வீட்டு எண்ணில் யார் யார் பெயர் இருக்கிறது, எந்தப் பெண்ணுக்குக் கணவராக அவர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு, அந்த மாவட்டத்தில் வழக்கு ஏதும் உண்டா என்று தேடலாம். இன்ஷியலை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடுங்கள். ஒருவர் நேரில் அவர் ஊருக்கே போய் வருவது இன்னும் நல்லது. வாட்ஸ்அப் புரொஃபைலும் கம்பெனி ஐடி கார்டும் போதாது, இரண்டையும் ஒரு மணி நேரத்தில் தயாரித்துவிடலாம்.

கல்யாணத்துக்குப் பிறகு தெரிய வந்தால், கோபத்தில் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். ஃபோனை அப்படியே பத்திரமாக வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. கையில் காசில்லையே என்று தள்ளிப்போடவும் வேண்டாம். பெண்களுக்கு வருமானக் கணக்கே பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும், 15100-க்குக் கூப்பிடலாம். வக்கீலைப் பார்க்க வரும்போது, முதன்முதலில் சந்தேகம் வந்த தேதியையும் உண்மை உறுதியான தேதியையும் எழுதி எடுத்து வாருங்கள். காலண்டர் தாளாக இருந்தாலும் சரி.