ஜிம்முக்குப் போனால் உடம்பு இறுகிவிடுமா?

ஒரு அப்பாவும் மகனும் கிளினிக்குக்கு வந்தார்கள். பையனுக்கு 24 வயது, ஒன்றரை வருஷமாக ஜிம். தோளும் மார்பும் பார்க்கவே நன்றாக இருந்தன. பாட்டி ஊருக்குப் போன இடத்தில் இந்தியன் டாய்லெட்டில் குந்த முடியவில்லையாம். குதிகால் தூக்கிக்கொள்கிறது, பின்பக்கம் சாய்கிறான். "வெயிட் தூக்கித் தூக்கி உடம்பு கட்டையாயிடுச்சு சார். ஜிம்மை நிறுத்தச் சொல்லுங்க" என்றார் அப்பா. பையன் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிசியோதெரபிஸ்டாக இந்தப் புகாரைக் கேட்காத மாதமே எனக்கு இல்லை. அது உண்மையானால், எடை தூக்கும் வீரர்கள்தான் நாட்டிலேயே விறைத்துப்போன ஆட்களாக இருக்க வேண்டும். நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். எடையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் மட்டும் 149 கிலோ. அந்த எடையை வாங்கும் கணத்தில் உடம்பு இருக்கும் நிலையை யோசித்துப் பாருங்கள்: அடிவரை குந்தியிருக்கிறது, குதிகால் தரையில், முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் தலைக்கு மேல். ஒரு துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் முயன்று பாருங்கள், பெரும்பாலானவர்களால் முடியாது.

சரி, பையனுக்கு வருவோம். சுவரைப் பார்த்து நிற்கவைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியைச் சுவரில் தொடச் சொன்னேன். சுவருக்கும் கால் கட்டைவிரலுக்கும் எவ்வளவு இடைவெளி விட்டுத் தொட முடிகிறது என்பதுதான் கணுக்கால் அசைவுக்குக் கணக்கு. 10 செ.மீ. வாக்கில் வந்தால் எனக்குத் திருப்தி. இவனுக்கு 4. அப்புறம், ஜிம்மில் செய்யும் ஸ்குவாட்டை, அதாவது எடையோடு குந்தி எழுவதை, செய்து காட்டச் சொன்னேன். கால்வாசி இறங்கினான், எழுந்துவிட்டான். எடையைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசையில் இறங்கும் ஆழத்தைக் குறைத்திருக்கிறான். வீட்டிலோ சின்ன வயதிலிருந்தே வெஸ்டர்ன் டாய்லெட், டைனிங் டேபிள். கணுக்கால் ஜிம்முக்கு முன்பே இறுகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இவன் செய்த உடற்பயிற்சி அதைத் தொடவே இல்லை.

முழு வீச்சில் செய்யும் எடைப்பயிற்சி மூட்டசைவைக் கூட்டும். 2021இல் 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், அசைவு வீச்சைக் கூட்டுவதில் ஸ்ட்ரெச்சிங்குக்கும் எடைப்பயிற்சிக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தென்படவில்லை. 2023இல் வந்த இன்னொன்று 55 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, எடையோ மெஷினோ இல்லாமல் உடல் எடையை மட்டும் வைத்துச் செய்த பயிற்சிகளில் இந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்றது.

காரணத்தைச் சொல்ல என் மேஜையில் தினமும் நடப்பதையே சொல்கிறேன். மல்லாக்கப் படுத்திருப்பவரின் காலை முட்டி மடங்காமல் நான் தூக்கினால் 80 டிகிரி வருகிறது. அவரையே தூக்கச் சொன்னால் 55-இல் நின்றுவிடுகிறது. மிச்சம் 25 டிகிரி அவர் உடம்பிலேயே இருக்கிறது, அதை எடுத்துப் பயன்படுத்தும் பலம்தான் இல்லை. பலம் இல்லாத கோணத்தில் நரம்பு மண்டலமும் தசையைத் தளரவிடத் தயங்கும். எடையோடு மெதுவாக அந்தக் கோணம்வரை போய்ப் போய் வந்தால், முன்பு 'போதும்' என்று தோன்றிய இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகிறது. தசையிலும் மாற்றம் உண்டு. எடையை நிதானமாக இறக்கும்போது தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. இதை வாரக்கணக்கில் செய்தால் தசை இழைக் கற்றைகளே நீளும். தொடையின் பின்தசையில் இதை ஸ்கேனில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் 'இறுகிடுச்சு' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? புதுப் பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் இருக்கும் தசைவலியிலிருந்து என்றே நினைக்கிறேன். அப்போது படி இறங்கக்கூட முடியாது. சில நாளில் போய்விடும், ஆனால் நினைவில் நிற்பது அதுதான். போட்டிக்கு உடம்பு வளர்ப்பவர்கள் சிலருக்குக் கைத்தசையே குறுக்கே வந்து முழங்கை முழுக்க மடங்காது. அந்த அளவுக்கு வளர்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று அவர்களையே கேளுங்கள்.

பையனுக்குக் கொடுத்தது இரண்டே பயிற்சி. ஒன்று, படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, ஐந்து எண்ணும் வரை குதிகாலைக் கீழே இறக்குவது. இரண்டாவது, மார்போடு 10 கிலோ டம்பெல்லை அணைத்துக்கொண்டு அடிவரை குந்துவது. முன்னால் இருக்கும் எடை பின்னால் விழாமல் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் குதிகாலுக்கு அடியில் ஒரு பலகை. வாரம் மூன்று நாள். 100 கிலோவிலிருந்து பத்துக்கு இறங்கச் சொன்னதுதான் அவனுக்குப் பெரிய வருத்தம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. சிலருக்கு இடுப்பு மூட்டின் கிண்ணமே ஆழமாக இருக்கும். எலும்பு எலும்பில் முட்டுவதை எந்தப் பயிற்சியும் மாற்றாது. சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் பார்க்கும் உறைந்த தோள்பட்டையை (தோள் வலித்து, அசைய மறுக்கும் பிரச்சினை), வலி கடுமையாக இருக்கும் கட்டத்தில் எடை கொடுத்து வற்புறுத்தக் கூடாது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலும், சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கை கால் அளவுக்கு மீறி வளைகிறவர்களுக்கு இன்னும் வளைவது தேவையில்லை, பிடிமானம்தான் தேவை. பயிற்சியின்போது தசை இழுப்பது போலிருந்தால் தொடரலாம். மூட்டுக்குள் ஊசி குத்துவது போலிருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

எட்டு வாரம் கழித்து அளந்தபோது 9 செ.மீ. வந்தது. கூட வந்த அப்பா வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தார், முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் அந்தச் சுவர் டெஸ்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார். அவருக்கு 2.