நரம்பு வேற, நாளம் வேற

ட்ரிப்ஸ் போட வந்த நர்ஸ் "நரம்பே கிடைக்க மாட்டேங்குது"ன்னு கையத் தட்டித் தட்டிப் பார்ப்பாங்க. ராத்திரி தூக்கத்துல அலறி எந்திரிச்சவங்க "கெண்டைக்கால்ல நரம்பு சுண்டி இழுக்குது"ம்பாங்க. "மூளையில நரம்பு வெடிச்சிடுச்சாம்"னு சொந்தக்காரங்க சேதி சொல்லுவாங்க, "சுகர் வந்து கால் நரம்பெல்லாம் மரத்துப் போச்சு"ன்னு இன்னொருத்தர் பொலம்புவாரு. நாலுலயும் நரம்புதான், ஆனா நாலும் ஒரே சமாச்சாரம் கிடையாது. மொதல்ல சொன்னது சிரை, அதாவது இதயத்துக்குத் திரும்புற ரத்தக் குழாய், ரெண்டாவது தசை, மூணாவது தமனி, அதாவது இதயத்துலருந்து போற ரத்தக் குழாய். கடைசியா வந்தது மட்டுந்தான் மருத்துவம் நரம்புன்னு சொல்ற நரம்பு.

நரம்புக்கும், ரத்தம் போற நாளத்துக்கும் வித்தியாசம் ரொம்ப சுலபம். நாளம்ங்கிறது உள்ள காலியா இருக்கிற குழாய், அதுல ரத்தம் ஓடும், அறுந்தா ரத்தம் கொட்டும். நரம்பு குழாயே இல்ல, உள்ள ஆயிரக்கணக்கான மெல்லிசு இழைங்கள கத்தையா வச்சு உறை போட்டுக் கட்டின வெள்ளை நிறக் கயிறு மாதிரி இருக்கும், அதுல ஓடுறது மின்சாரச் சேதிதான், வேகமான இழைங்கள்ல வினாடிக்கு 100 மீட்டருக்கு மேல போகும். அறுந்தா அந்த இடம் மரத்துப் போகும், இல்ல அந்த விரல் அசையாது. ஒடம்புலயே பெரிய நரம்பு இடுப்புலருந்து தொடை வழியா எறங்குறது, அது கிட்டத்தட்ட ஒரு விரல் மொத்தம் இருக்கும், அவ்ளோ பெருசா இருந்தும் வெளிய தெரியாது, ஏன்னா தசைக்குள்ள ஆழமாப் போகுது.

அப்போ கையில பச்சையா நீலமா ஓடுதே அது? அது சிரை. அதுக்குள்ள இருக்கிற ரத்தமும் நீலம் இல்ல, கருஞ்சிவப்புதான், தோல் வழியா வெளிச்சம் போயிட்டு வர்ற விதத்துல நமக்கு நீலமாத் தெரியுது. சந்தேகமா இருந்தா கையத் தொங்கப்போட்டு நல்லா பொடச்சு நிக்கிற ஒண்ணைப் புடிங்க. விரல் பக்கமா ஒரு எடத்துல அழுத்திக்கிட்டு, இன்னொரு விரலால முழங்கை பக்கமா வழிச்சு விடுங்க. ரெண்டாவது விரலை எடுத்தாலும் நடுவுல ஒரு துண்டு அப்படியே சப்பையாக் கிடக்கும், மேலருந்து ரத்தம் திரும்பி வராது, உள்ள இருக்கிற வால்வு அடைச்சிடும். அழுத்தின மொத விரலை எடுத்த உடனே டக்குனு நெறயும். 1628ல வில்லியம் ஹார்விங்கிற இங்கிலாந்து மருத்துவர் ரத்தம் சுத்தி வருதுன்னு நிரூபிச்சப்போ காட்டின சாட்சியில இதுவும் ஒண்ணு. எந்த நரம்பும் இப்படி சப்பையாகி நெறயாது.

மணிக்கட்டுல இன்னொரு ஏமாத்து வேலை இருக்கு. கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்ட வச்சு மணிக்கட்டை லேசா உள்பக்கம் மடக்குங்க, நடுவுல விறைப்பா ஒரு கயிறு எழும்பும், அதையும் நரம்புன்னுதான் சொல்லுவோம். அது தசைநாண், அதாவது தசையை எலும்புலயோ அந்த மாதிரி கெட்டியான எடத்துலயோ கொண்டு போய்க் கட்டுற நாண். சில பேருக்கு அது பொறப்புலயே இருக்காது, இல்லன்னாலும் கை புடியில ஒரு கொறையும் வராது. அதனால வேற எடத்துல நாண் அறுந்தவங்களுக்கு ஒட்டு போட சர்ஜன்கள் இதைத்தான் எடுத்துக்குவாங்க. நெசமான நரம்பைத் தொட்டுப் பாக்கணும்னா முழங்கைக்கு உள்பக்கம் எலும்பு இடுக்குல தேடுங்க, எங்கயாச்சும் இடிச்சா சுண்டு விரல் வரைக்கும் ஷாக் அடிக்குமே, அதுதான்.

இவ்வளவையும் ஒரே சொல்லால சொல்றது ஜனங்களோட அறியாமைன்னு சில பேர் நெனைக்கிறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நரம்புங்கிற சொல்லுக்கு பழைய அர்த்தமே முறுக்கின இழை, கம்பி, நாண் இதுதான். யாழ்ல கட்டுறது நரம்பு. தொல்காப்பியத்துல எழுத்து மாத்திரைக்கு மேல நீண்டு ஒலிக்கிறதப் பத்திச் சொல்லும்போது இசை நூலையே "நரம்பின் மறை"ன்னு சொல்லியிருக்கு, அங்க ஒடம்புப் பேச்சே இல்ல. புறநானூறு 278ல காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு கிழவியக் காட்டுறாங்க, போர்க்களத்துல பையனத் தேடுவாளே அவதான், "நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்"னு பாட்டே அப்படித்தான் ஆரம்பிக்குது. வத்திப்போன தோள்ல பொடச்சுக்கிட்டு நின்னது சிரையா தசைநாணான்னு பாட்டு எழுதின அம்மா கணக்குப் பண்ணல, தோலுக்கடியில கயிறு மாதிரி தெரிஞ்சா நரம்பு, அவ்ளோதான். இன்னிக்கு நாம பேசுறதும் அதே பேச்சுதான். மலையாளத்துல ஞரம்பு, தெலுங்குல நரம், கன்னடத்துல நர, எல்லாம் ஒரே குடும்பம்.

இது நம்ம பக்கம் மட்டும் நடந்ததும் இல்ல. கிரேக்கத்துல நியூரான்னா மொதல்ல தசைநாண், வில்லோட நாண், யாழ்க் கம்பி. கி.மு. மூணாம் நூற்றாண்டு வாக்குல எகிப்து அலெக்சாண்ட்ரியாவுல ஹெரோஃபிலஸ், எரசிஸ்ட்ரேடஸ்னு ரெண்டு கிரேக்க மருத்துவருங்க ஒடம்ப அறுத்துப் பாத்துதான் உணர்ச்சி கொண்டு போறது தனி, தசையக் கட்டுறது தனின்னு பிரிச்சாங்க, அதுக்கப்புறம்தான் அந்தச் சொல் மெதுவா இன்னிக்கு இருக்கிற அர்த்தத்துக்கு வந்துச்சு. ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்காமலே ரெண்டு மொழியும் யாழ்க்கம்பிச் சொல்லையே ஒடம்புக்கும் வச்சிருக்கு பாருங்க. நமக்கு மருத்துவ அர்த்தம் பாடப்புத்தகம் வழியா மேலருந்து எறங்குச்சு, பழைய அர்த்தம் வீட்டுலயே தங்கிடுச்சு.

அந்தப் பழைய அர்த்தம் தெரிஞ்சா "நரம்பில்லாத நாக்கு"ன்னு திட்டுறதும் சரியாப் புரியும். மருத்துவக் கணக்குல பாத்தா அது சுத்தப் பொய், நாக்கை அசைக்கிறதுக்கு ஒரு மண்டை நரம்பு, ருசிக்கு ரெண்டு மூணு, தொடு உணர்ச்சிக்கு தனியா ஒண்ணுன்னு நாக்கு அளவுக்கு நரம்பு வாய்ச்ச உறுப்பு கம்மி. பழமொழி சொல்ற நரம்பு அது இல்ல, விறைப்பா இழுத்துப் பிடிக்கிற நாண், அது இல்லாததால எந்தப் பக்கமும் பொரளும்னு அர்த்தம்.

இப்ப நாளத்துக்கு வருவோம். நாளம்னா உள்துளை உள்ள தண்டு, குழாய். வடமொழியில தாமரைத் தண்டுக்கு இதே பேரு. அதனால தனியா நாளம்னு சொன்னா ரத்தக் குழாய்னு மட்டும் ஆகாது: நிணநீர் நாளம் இருக்கு, தைராய்டு மாதிரி சுரப்பிங்கள நாளமில்லாச் சுரப்பின்னு சொல்றோமே, அங்க சொல்றது சுரந்த நீர் வெளிய வர்ற குழாய். ரத்தத்துக்குன்னா ரத்த நாளம்னு சேர்த்துச் சொல்றதுதான் சரி. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல ரத்த நாளம்ங்கிறது பொதுப்பேரு, அதுக்குக் கீழ இதயத்துலருந்து போறது தமனி, இதயத்துக்குத் திரும்புறது சிரை, நடுவுல மெல்லிசா பின்னிக் கிடக்கிறது தந்துகி. இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்துல கதையே வேற: தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம், தந்துகிக்கு மயிர்க்குழாய். அங்க ஒருத்தர் நாளம்னு எழுதினா அது சிரை மட்டுந்தான், இங்க படிக்கிறவரு எல்லாக் குழாயும்னு எடுத்துக்குவாரு, இணையத்துல ரெண்டு பக்கத்துக் கட்டுரையையும் மாத்தி மாத்திப் படிக்கிறவங்க கவனிச்சுக்கணும். என்னக் கேட்டா தமனியவிட நாடி நல்ல சொல், மணிக்கட்டுல நாடி பாக்கிறோமே அது துடிக்கிற தமனிதான், சொல்லும் பொருளும் ஒட்டி வருது. ஆனா மலையாளத்துலயும் தெலுங்குலயும் நரம்பு மண்டலத்துக்குப் பேரே நாடியை வச்சுத்தான், அந்தச் சொல்லும் ஊர் ஊரா மாறிக்கிட்டுத்தான் இருக்கு.

தமனியும் சிரையும் வடமொழி. தமனி ஊதுறதுங்கிற வேர்லருந்து வந்தது, அதாவது காத்து போற குழாய். கிரேக்கரும் அப்படித்தான் நம்புனாங்க, செத்த ஒடம்புல தமனி காலியாக் கிடக்கிறதப் பாத்துட்டு அதுல காத்துதான் ஓடுதுன்னு முடிவு கட்டிட்டாங்க, கி.பி. ரெண்டாம் நூற்றாண்டுல கேலன்ங்கிற மருத்துவர் வந்துதான் உள்ள ரத்தம்னு காட்டினாரு. சிரைக்கு வேற கஷ்டம், பேச்சுல அதைச் சொன்னா தலை செரைக்கிறதுதான் ஞாபகத்துக்கு வரும். அதனாலதானோ என்னவோ புத்தகத்தத் தாண்டி அது வரவே இல்ல. நல்ல தமிழ்ல வேணும்னா குருதிக்குழாய். பேச்சுக்கு ரத்தக் குழாய் போதும், எல்லாருக்கும் புரியும்.

பேச்சு வழக்குல எதை வேணா சொல்லிக்கலாம், ஆஸ்பத்திரியிலதான் வம்பு. கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சுன்னு நரம்பு டாக்டருக்கு டோக்கன் போட்டு உக்காந்தா, அது வெரிகோஸ், சுருள் சிரை, ரத்தக் குழாய் சர்ஜனப் பாருங்கன்னு அனுப்புவாங்க. மூளையில ரத்தக் குழாய் அடைச்சு ஸ்ட்ரோக் வந்தா மட்டும் நரம்பு டாக்டர்தான் பாப்பாரு, ஏன்னா அடைச்சது குழாயா இருந்தாலும் அடி வாங்குறது மூளை. நரம்பு ஊசிம்பாங்களே, அது பெரும்பாலும் சிரையில போடுறது. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு கையையோ காலையோ மட்டும் மரக்க வைக்க நெஜமாவே நரம்பைச் சுத்திப் போடுற ஊசியும் இருக்கு, ரெண்டையும் கொழப்பிக்கிட்டு பயப்படுறவங்க உண்டு. கெண்டைக்கால் இழுக்குறதுக்கு குரக்குவலின்னு அழகான சொல்லே இருக்கு, அதை ஏன் விட்டோம்னு தெரியல. நரம்புத் தளர்ச்சி இன்னும் மோசம், கை நடுக்கத்துலருந்து மனசு சோர்வு வரைக்கும் எல்லாத்துக்கும் அந்த ஒரே பேரு, டாக்டர்கிட்ட போனா அந்தப் பேரைச் சொல்லாம என்ன பண்ணுதோ அதைச் சொல்றது நல்லது.

ஒரே ஒரு எடத்துல மட்டும் பாடப்புத்தகமே இன்னும் பழைய அர்த்தத்த வச்சுக்கிட்டிருக்கு: இலை நரம்பு. தண்ணியும் சத்தும் ஓடுற குழாய்க் கூட்டம் அது, வேலையப் பாத்தா நாளம்னுதான் சொல்லணும், ஆனா தாவரவியல்ல அதுக்கு நரம்பமைவுன்னே பேரு வச்சுட்டாங்க, யாரும் அதைத் தப்புன்னு சொல்றதில்ல.