லேட்டரைட் என்கிற செம்புறாங்கல்

புவியியல் பாடத்தில் வரும் ‘லேட்டரைட்’ என்ற கல்லின் பெயர் பிறந்த ஊர் கேரளத்து மலபாரில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், மலபார் வழியாகச் சுற்றினார். இன்றைய மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் ஒரு சிவந்த கல்லைப் பார்த்தார். நிலத்தடியில் இருக்கும்வரை இரும்புக் கருவியால் எளிதாக வெட்டலாம். வெளியே எடுத்துக் காயவிட்டால் இறுகிவிடும், அப்படியே சுவருக்கு வைக்கலாம். லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். அதிலிருந்து பெயர் வைத்து 1807இல் வெளியான பயண நூலில் எழுதினார். உள்ளூர்க்காரர்கள் அதை ‘இட்டிகைக் கல்’ என்பதாகவும் குறித்தார். இட்டிகையும் செங்கல்தான், சங்கப் பாடலிலேயே உள்ள சொல். அறிவியல் பெயருக்குள் இருப்பது நம் பக்கத்துப் பேச்சு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பாடநூல்கள் ‘சரளை மண்’ என்கின்றன. சரளை என்றால் ரோட்டுக்குக் கொட்டும் பொடிக்கல்லும்தானே! புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்து மக்கள் வாயில் இருக்கும் ‘செம்புறாங்கல்’ இதை மட்டுமே குறிக்கும். கல்லுக்கு அதையும் மண்ணுக்குச் ‘செம்புறை மண்’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம் என்பேன்.

வெப்பமும் கனமழையும் மாறிமாறி வரும் வறட்சியும் சேர்ந்து பாறையை நெடுங்காலம் சிதைக்கும்போது சிலிக்கா, சுண்ணாம்பு, சாம்பல் சத்து (பொட்டாசியம்) எல்லாம் கரைந்து போய்விடுகின்றன. எஞ்சுவது இரும்பும் அலுமினியமும். சிவப்பு அந்த இரும்பின் நிறம். காயும்போது கல்லை இறுக்குவதும் அதே இரும்புதான். பயிருக்கு இதுதான் சிக்கல்: மண் புளித்து அமிலமாகிறது, போடும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இரும்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. தொழு உரம் தாராளமாகப் போட்டால் அந்தப் பிடி கொஞ்சம் தளரும். மேல்மண்ணைக் காக்கும் மரங்களை வெட்டிவிட்டால், மழை அதை அரித்து அடியிலுள்ள இறுகிய தட்டை வெளியே கொண்டுவந்துவிடும். அப்புறம் ஏர் இறங்காது.

காசர்கோட்டில் இதே கல்மேட்டின் பக்கவாட்டில் ஆள் நுழையும் அளவுக்குக் கிடையாகச் சுரங்கம் குடைந்து, கசியும் நீரைக் கமுகுத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். புதுக்கோட்டை மேட்டில் முந்திரியும் தைலமரமும் நிற்க, நெல்லோ ஏரிக்குக் கீழே வண்டல் தங்கும் பள்ளத்தில் விளைகிறது. தஞ்சை சாலையில் ஆதனக்கோட்டையில் வறுத்து விற்கும் முந்திரிக்குப் பின்னால் இருப்பது இந்தச் செம்புறை மேடுதான்.