பெயின்ட் மேல் ஒட்டிய சென்சார்

போன வாரம் மீண்டும் ஒரு ஃபேன். பேரிங் நொறுங்கி, ஷாஃப்ட் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. "திரையில் அதிர்வு 2.8 தானே காட்டியது, சென்சார் சரியில்லை சார்" என்றார் பராமரிப்புப் பொறியாளர். பேரிங்கைத் தாங்கும் ப்ளம்மர் பிளாக்கின் வளைந்த முதுகில், இரண்டு கோட் பெயின்டுக்கு மேல், தட்டையான காந்தம் ஒன்று அதிர்வு சென்சாரைத் தாங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், ஆடியது. சென்சாரைக் கழற்றிச் சோதித்தோம். அதில் ஒரு குறையும் இல்லை.

விலை உயர்ந்த சென்சார் என்றால் எங்கே ஒட்டினாலும் சரியாகக் காட்டும் என்ற எண்ணம் எப்படித்தான் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதோ! சென்சார் தான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் அசைவை மட்டுமே அளக்கும். பேரிங்கின் அசைவு அந்த இடம்வரை வந்து சேராவிட்டால் அது என்ன செய்யும்? பேரிங் பழுதின் முதல் அறிகுறி பல ஆயிரம் ஹெர்ட்ஸில் வரும். காந்தத்தை நன்றாகப் பொருத்தினாலே சுமார் 2,000 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். பெயின்டுக்கு மேல் அதுவும் கிடையாது. நீங்கள் பார்த்த 2.8, மொத்த அதிர்வின் வேகம், மில்லிமீட்டர்/நொடி. சமநிலைக் கோளாறையும், ஷாஃப்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் கோணலையும் அது சொல்லும். பேரிங்கில் விழும் முதல் கீறலைச் சொல்லாது.

இந்த அலட்சியத்துக்குச் சென்சார் எளிமையானதும் ஒரு காரணம். அதன் உள்ளே வேலை செய்வது ஒரு படிகம். அழுத்தினால் சில படிகங்களில் மின்னூட்டம் பிறக்கும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் காட்டினார்கள். ஆனால் அந்த மின்னூட்டம் மிகச் சிறியது. கேபிள் அசைந்தாலும் ஈரம் பட்டாலும் கெட்டுவிடும். ஆய்வகத்தை விட்டு வெளியே வரவே சிரமப்பட்டது. அமெரிக்காவில் பஃபலோ நகரை ஒட்டி 1967-இல் தொடங்கிய பி.சி.பி. பீசோட்ரானிக்ஸ், மின்னணுச் சுற்றைச் சென்சாரின் உள்ளேயே வைத்து, ஐ.சி.பி. என்ற பெயரில் விற்றது. சாதாரண இரு கம்பிக் கேபிளே போதும் என்றானதும் ஆலைகளின் கதவு திறந்தது. கேபிள் தொல்லையைத்தான் அவர்கள் தீர்த்தார்கள். பெயின்டைச் சுரண்டும் வேலை இன்னும் நம்முடையதே.

தயவுசெய்து சுரண்டுங்கள். முடிந்த இடத்தில் துளையிட்டு மரையெடுத்து, ஸ்டட் (தலையில்லாத மரையாணி) வைத்து முறுக்குங்கள். அடியில் மெல்லிய கிரீஸ் பூச்சு இருக்கட்டும். மோட்டாரின் ஃபேன் கவரில் ஒருபோதும் வைக்காதீர்கள். அது தகரம், தன்பாட்டுக்கு அதிரும். கேபிளைத் தொங்கவிடாமல் கட்டுங்கள். சந்தேகம் வந்தால் பயாஸ் வோல்டேஜை, அதாவது சென்சாரின் கம்பியில் எப்போதும் நிற்கும் டி.சி. வோல்டேஜைப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் 8 முதல் 14 வோல்ட் இருக்கும். சப்ளையின் 24 அப்படியே தெரிந்தால் கம்பி அறுந்திருக்கிறது, பூஜ்யம் என்றால் ஷார்ட்.

அழுத்தச் சென்சார் வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. படிக வகைச் சென்சார் அழுத்தத்தின் மாற்றத்தைத்தான் அளக்கும். பம்ப் லைனின் துடிப்புக்கு அருமையானது. நிலையாக நிற்கும் அழுத்தத்தில் அதன் அளவு தானே பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அது பழுதல்ல, இயல்பு. பாய்லரின் நிலை அழுத்தத்துக்கு ஸ்ட்ரெய்ன் கேஜ் வகையை (உலோகம் நெளிவதை மின்தடை மாற்றமாக அளப்பது) கேட்டு வாங்குங்கள். ஆர்டர் போடும் முன்பே கேளுங்கள். பொருத்திய பிறகு என்னை அழைத்துக் கோபப்படாதீர்கள்.