கொதிக்க வைத்துவிட்டோமே, அப்புறம் என்ன?

கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் கூடுதலாக இருக்கிறது என்று பரிசோதனை அறிக்கையைக் காட்டிச் சொல்லி முடிப்பதற்குள் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பரவாயில்லைங்க, நாங்க எப்பவும் கொதிக்க வைச்சுத்தான் குடிக்கிறோம்." சுற்றுச்சூழல் சுகாதார வேலையில் இருக்கிற யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் மட்டுமில்லை. மிஞ்சிய சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் "நல்லா சூடு பண்ணிட்டோம்", பின்புறம் குவிந்து கிடந்த ஒயர், பேட்டரி, பிளாஸ்டிக் எல்லாம் எங்கே என்று கேட்டால் "கொளுத்தியாச்சு". நெருப்புப் பட்டால் எதுவும் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதனால்தான் மீதியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சூடு உயிருள்ளதைக் கொல்லும். உயிரில்லாத நஞ்சை என்ன செய்யும் என்பது அந்தந்தப் பொருளைப் பொறுத்தது. சிலது சிதைந்து போகும், சிலது அசையாமல் அப்படியே இருக்கும், சிலது ஆவியாகி நம் மூக்குக்கே வரும், சிலது வேறொரு நஞ்சாக மாறும். எது எதில் சேரும் என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைப்பதுதான் சிக்கல்.

முதலில், சூடு சரியாக வேலை செய்யும் இடம். தண்ணீர் தளதளவெனக் கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும், காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை வைரஸ் எதுவும் பிழைக்காது. 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம் விடச் சொல்வார்கள், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால். குளோரினுக்கு அடங்காத கிருமிகூட இதற்கு அடங்கும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குழாய்த் தண்ணீரில் புகுந்து ஏறத்தாழ 4 லட்சம் பேரை வயிற்றுப்போக்கில் படுக்க வைத்தது. குளோரின் போட்ட தண்ணீர்தான் அது. அந்த நகரத்துக்காரர்களைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னது மிகச் சரியான அறிவுரை.

ஆனால் நைட்ரேட் கிருமி இல்லை. உரம் போட்ட வயலிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் கால்நடைக் கொட்டிலிலிருந்தும் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கரைந்து கிடக்கும் ஒரு பொருள். உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் உப்பு எங்கே போகும்? தண்ணீர்தான் போகும். லிட்டருக்கு 60 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தண்ணீரைக் கால்பங்கு வற்றும்வரை காய்ச்சினால் மிஞ்சுகிற தண்ணீரில் அது லிட்டருக்கு 80 ஆகியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 50. இதில் முதலில் அடிபடுவது அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் குடிக்கிற, சில மாதமே ஆன கைக்குழந்தை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் அந்த வேலையைச் செய்ய முடியாதபடி மாறிவிடும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், இப்படி நீலமான குழந்தைகளின் நோயைக் கிணற்றுத் தண்ணீரோடு இணைத்துக் காட்டினார். குழந்தைக்கு ஆயிற்றே என்று இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக் காய்ச்சுகிற அம்மாதான் நைட்ரேட்டை அதிகமாகக் கொடுக்கிறார் என்று சொல்ல வேண்டியிருப்பது இந்த வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி. குழந்தை நீலம் பாரித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், எந்தத் தண்ணீரில் பால் கரைத்தீர்கள் என்பதையும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆர்செனிக்கும் ஃப்ளோரைடும் இதே கதைதான். வங்கதேசத்தில் 1970களிலிருந்து குளத்துத் தண்ணீரின் கிருமிகளிடமிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமி குறைந்தது. நிலத்தடியில் இயற்கையாகவே இருந்த ஆர்செனிக் குழாய் வழியே வந்தது, 1993இல்தான் அது தெரியவந்தது. அந்தத் தண்ணீர் தெளிவாகவும் சுவையாகவும் இருந்தது. தோலில் மழைத்துளி போலப் புள்ளிகளும், உள்ளங்கை உள்ளங்காலில் காய்ப்பும் வருவதற்குள் பல வருடங்கள் ஓடிவிடும்.

ஈயத்துக்கு இன்னொரு குணம் உண்டு: பழைய ஈயக் குழாயிலிருந்தும் பற்றவைத்த இணைப்பிலிருந்தும் பித்தளைக் குழாய்முனையிலிருந்தும் அது கரைந்து வரும்போது, சுடுதண்ணீர் குளிர்ந்த தண்ணீரைவிட அதிகமாகக் கரைக்கும். அதனால் பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் சமையலுக்குச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கவே கூடாது. குளிர்ந்த குழாயில், இரவு முழுக்கத் தேங்கியதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, பிறகு அடுப்பில் வைக்க வேண்டும். குழாயில் ஏற்கெனவே சூடாக வந்தால் எரிவாயு மிச்சம் என்று நினைத்து அதைப் பிடிப்பவர்கள் நிறையப் பேர்.

2014இல் நடந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் நான் சொல்வது தெளிவாகும். அமெரிக்காவின் ஃப்ளிண்ட் நகரம் அந்த ஏப்ரலில் செலவைக் குறைக்க ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது, குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தண்ணீரில் ஈ.கோலை வகைக் கிருமி தெரிந்தது, கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவித்தார்கள். கிருமிக்கு அது சரிதான். ஆனால் அரித்துப்போன குழாய்களிலிருந்து ஈயமும் அதே தண்ணீரில் வந்துகொண்டிருந்தது, கொதிக்க வைத்துக் குடித்தவர்கள் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அதையும் குடித்தார்கள். அதே ஆகஸ்டில், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத டொலிடோ நகரம் ஏறக்குறைய 5 லட்சம் பேருக்கு நேர் எதிரான அறிவிப்பைக் கொடுத்தது: குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். ஈரி ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு தண்ணீரில் கலந்திருந்தது. அது மைக்ரோசிஸ்டின், கொதிநிலையில் சிதையாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தியாகும்.

ஆகவே ஓர் அறிவிப்பு வந்தால் அதை வரிவரியாகப் படியுங்கள். "கொதிக்க வைத்துக் குடிக்கவும்" என்றால் பிரச்சினை கிருமி. "குடிக்க வேண்டாம்" என்றால் பெரும்பாலும் கரைந்திருக்கும் வேதிப்பொருள், அதில் சமைக்கவும் கூடாது. "எதற்கும் பயன்படுத்த வேண்டாம்" என்றால் தோலில் பட்டாலோ ஆவியை முகர்ந்தாலோகூட ஆபத்து. பெட்ரோலோ பெயின்ட் கரைப்பானோ கலந்த தண்ணீரை மூடிய சமையலறையில் கொதிக்க வைத்தால் வயிற்றுக்குப் போக வேண்டியதை நுரையீரலுக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

வடிகட்டி வாங்கியாச்சே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புற ஊதா விளக்கு மட்டும் உள்ள கருவி செய்வதும் அடுப்பு செய்யும் வேலைதான், கிருமியைச் செயலிழக்க வைக்கும். கரி வடிகட்டி குளோரின் வாடையையும் பல கரிம வேதிப்பொருள்களையும் பிடிக்கும், நைட்ரேட்டை விட்டுவிடும். நைட்ரேட், ஆர்செனிக், ஃப்ளோரைடு, ஈயம் எல்லாவற்றையும் பெருமளவு குறைப்பது ஆர்.ஓ. சவ்வு, அதையும் காலத்துக்கு மாற்ற வேண்டும். தண்ணீரைப் பரிசோதிக்காமலே கருவி வாங்குவது, ரத்தப் பரிசோதனை பண்ணாமலே மாத்திரை வாங்குகிற மாதிரி வேலை.

சரி, சாப்பாடு. சில பாக்டீரியாக்கள் செத்தாலும் அவை விட்டுப்போன நஞ்சு சாகாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி நம் தோலிலும் மூக்கிலும் இருப்பது, கைப்புண் வழியாகச் சாப்பாட்டில் சேரும். சமைத்ததை வெளியே மணிக்கணக்கில் விட்டால் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு அரைமணி நேரம் கொதித்தாலும் தாங்கும். சமைத்த அரிசி, பாஸ்தா போன்றவற்றில் வரும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வாந்தி நஞ்சு 121 டிகிரிக்கே அசராது, பிரஷர் குக்கரின் சூடு அது. அதனால்தான் "சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம், எப்படி வாந்தி?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. எப்படிச் சூடு பண்ணினீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை, முதலில் சமைத்ததற்கும் குளிர்பெட்டிக்குள் வைத்ததற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்போம். இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி ஆறவே நேரமாகும், அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சும் சாதாரணச் சமையல் சூட்டில் போகாது. 2004இல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளம் 317 பேரை நோயில் தள்ளியது, 125 பேர் இறந்தார்கள். குளிரில் வைக்காமல் விட்ட மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற நஞ்சும் வறுத்தாலும் டின்னில் அடைத்தாலும் அப்படியே இருக்கும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயின் நஞ்சை, நஞ்சுகளிலேயே கொடியது என்பார்களே, அதைக் கொதிநிலை அழித்துவிடும், ஆனால் அதை உண்டாக்கும் கிருமியின் வித்து கொதிநிலையில் பிழைத்துக் கிடக்கும். சிவப்பு ராஜ்மாவின் நஞ்சும் நன்றாகக் கொதித்தால் போய்விடும். அதையே மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் போட்டு 80 டிகிரி வாக்கில் வைத்திருந்தால் வேகாத ராஜ்மாவைவிட ஐந்து மடங்குவரை நஞ்சு கூடலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரைமணி நேரம் கொதிக்க விடுங்கள், விஷயம் முடிந்தது.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது குப்பையைக் கொளுத்துவது. புகை அடங்கியதும் வாடை போய்விடும், குவியல் இருந்த இடத்தில் ஒரு கூடைச் சாம்பல், மனசுக்கு நிறைவு. ஆனால் ஈயமும் ஆர்செனிக்கும் காட்மியமும் தனிமங்கள். எரித்து அழிக்க முடியாது, இடம்தான் மாறும். கொஞ்சம் புகையோடு போய்ப் பக்கத்தில் படியும், மீதி சாம்பலில் செறிவாக நிற்கும். பாதரசம் உள்ள குழல் விளக்கைத் தீயில் போட்டால் பாதரசம் நேராக ஆவி. பூச்சியும் பூஞ்சையும் அரிக்காமல் இருக்க மருந்திட்ட, பச்சை சாயலோடு இருக்கும் பழைய மரத்தில் ஆர்செனிக், குரோமியம், செம்பு மூன்றும் இருக்கலாம், அதைக் குளிர்காய எரித்தவர்கள் நோயில் விழுந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

பிவிசி குழாயும் ஒயர் உறையும் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், கண்ணும் தொண்டையும் எரிவது அதனால். கூடவே டயாக்சின் என்ற, உடம்பில் நெடுங்காலம் தங்கும் நஞ்சு. செம்புக் கம்பி எடுப்பதற்காக ஒயரைக் கொளுத்தும்போது அந்தச் செம்பே டயாக்சின் உருவாகத் துணை போகிறது. பெரிய எரிஉலைகளும் எரிக்கத்தானே செய்கின்றன என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஐரோப்பிய விதிப்படி அங்கே புகை குறைந்தது 850 டிகிரியில் 2 விநாடி இருந்தாக வேண்டும், பிறகு வடிகட்டிகள் வேறு. கொல்லையில் ஈரக் குப்பையோடு கனன்று புகைகிற தீ அந்தச் சூட்டைச் சீராக எட்டுவதே இல்லை, டயாக்சின் உருவாவதற்கு அரைகுறைச் சூடுதான் தோது. டயாக்சின் உடம்புக்குள் போனால் அதில் பாதி வெளியேற 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். அது நம்மிடம் வருவதும் பெரும்பாலும் மூச்சு வழியே இல்லை, 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியே. புல்லில் படிந்து மாட்டின் பாலுக்கும், சாம்பல் கலந்த மண்ணைக் கிளறும் கோழியின் முட்டைக்கும் போய்ச் சேரும்.

ஈய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் தொழிலின் விலையை செனகல் நாட்டில், டாக்கர் அருகே தியாராய் சுர் மேர் என்ற இடம் கொடுத்தது. 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். பழைய பேட்டரித் தொழில் நடந்த இடத்து மண்ணில் ஈயத் துணுக்குகள் இருக்கின்றன என்று தெரிந்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்திருக்கிறார்கள். அந்தத் தூசி தரையில், துணியில், குழந்தையின் விரலில்.

பேட்டரி, குழல் விளக்கு, ஒயர், பிவிசி, பெயின்ட் அடித்த அல்லது மருந்திட்ட மரம், பூச்சிமருந்து டப்பா இவற்றை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்து, வாங்கிக்கொள்ளும் இடம் கிடைக்கும்வரை மழையும் குழந்தையும் படாத இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே எரித்தாகிவிட்டதென்றால் சாம்பலை விளக்குமாற்றால் பெருக்க வேண்டாம், தூசியாகப் பறக்கும். நனைத்து, கையுறையும் முகமூடியும் போட்டு மண்வெட்டியால் அள்ளி உறுதியான பையில் கட்டுங்கள். காய்கறிப் பாத்திக்கு உரம் என்று போட வேண்டாம், பாத்திரம் துலக்கவும் எடுக்க வேண்டாம். கோழிகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அந்த இடத்தில் போட்ட செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, துணியைத் தனியாகத் துவையுங்கள். பேட்டரியோ பழைய பெயின்டோ எரிந்த இடத்தில் விளையாடிய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அது நலமாகத் தெரிந்தாலும், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுப்பது ரத்தத்தில் ஈய அளவு மிக அதிகமாகும்போதுதான், அதற்கு முன்பே அந்த மண்ணை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும்.